மொட்டை காத்திருக்கும், பேச்சு காத்திருக்காது

அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு எப்போது ஆபரேஷன் செய்வது? இந்தக் கேள்விக்கு நம் குடும்பங்களில் கிடைக்கும் பதில்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். "முதல்ல ஒரு வருசம் ஆகட்டும்." "குலதெய்வத்துக்கு மொட்டை அடிச்சு, காது குத்திட்டுப் பாத்துக்கலாம்." "பல்லு முளைக்கட்டும், பச்சைப் புள்ளை மேல கத்தி வெக்கறதா?" "அடுத்த லீவுக்கு ஊருக்கு வர்றப்ப வெச்சுக்கலாம், அம்மாவும் கூட இருப்பாங்க." இந்தக் கடைசிப் பதில், வெளிநாட்டில் குடியிருக்கும் நமக்கே உரியது.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடுங்கள். அந்த ஆபரேஷன் தேதியைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டே விஷயங்கள். ஒன்று, குழந்தையின் உடல்நிலை. இன்னொன்று, அதன் பேச்சு. மாமியாரின் வேண்டுதலும் விமான டிக்கெட்டின் விலையும் அந்தப் பட்டியலில் கிடையாது. முதல் பிறந்தநாள் என்பது அண்ண ஆபரேஷனைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும் நாளாக இருக்கக் கூடாது. மருத்துவக் காரணம் எதுவும் தடுக்கவில்லை என்றால், அதற்குள் அது முடிந்திருக்க வேண்டும்.

நான் அறுவை மருத்துவர் இல்லை. பேச்சுப் பயிற்சி என் தொழில். படித்தது மைசூரில் (2014-க்குப் பிறகு மைசூரு என்று எழுத வேண்டும், கை இன்னும் பழைய பெயருக்கே போகிறது). இப்போது பிழைப்பு இங்கிலாந்தில். ஆபரேஷன் செய்பவர் குழந்தையின் வாயைப் பார்க்கிறார். அது நல்லபடி ஆனதா இல்லையா என்பது மூன்று நான்கு வருடம் கழித்து என்னைப் போன்றவர்கள் முன் உட்கார்ந்து குழந்தை "பாட்டி" என்று சொல்லும்போதுதான் தெரியும். அந்த நாற்காலியிலிருந்து எழுதுகிறேன்.

உதடு வேறு, அண்ணம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்ந்தும் வரலாம், தனித்தனியாகவும் வரலாம். அண்ணம் என்பது வாயின் கூரை. முன்பக்கம் எலும்பு உள்ள வல்லண்ணம், பின்பக்கம் தசையால் ஆன மெல்லண்ணம், அதன் நுனியில் தொங்குவது உள்நாக்கு.

உதடு வெளியே தெரியும். அதனால் குடும்பமே அவசரப்படும். பெயர் வைக்கும் விழாவுக்கு முன் முடியுமா, போட்டோ எடுப்பதற்கு முன் முடியுமா என்று கேட்பார்கள். அதற்குப் பல இடங்களில் ஒரு பழைய கணக்கு உண்டு: 10 வாரம் வயது, 10 பவுண்டு எடை (சுமார் நாலரை கிலோ), ரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின். இந்த மூன்று பத்தும் சேர்ந்தால் உதட்டைத் தைக்கலாம். அநேகமாக மூன்று மாதத்தை ஒட்டி அது முடிந்துவிடும். முகம் சரியாகிவிட்டது, படம் எடுத்து ஊருக்கு அனுப்பியாகிவிட்டது.

அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. அண்ணம் உள்ளே இருக்கிறது, யாருக்கும் தெரியாது. "அதான் நல்லா இருக்கானே, இன்னொரு ஆபரேஷன் எதுக்கு இப்பவே?" என்ற பேச்சு வருகிறது. உதட்டுக்குத் துடித்த குடும்பம் அண்ணத்துக்கு நிதானமாகிவிடுகிறது. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. உதடு ஓரிரு மாதம் தள்ளிப்போனால் பெரும்பாலும் படங்கள்தான் தள்ளிப்போகும். அண்ணம் வருடக்கணக்கில் தள்ளிப்போனால் பேச்சு வழி மாறிப் போகும்.

வல்லினம் ஏன் மெல்லினமாகிறது

இதை விளக்க நமக்கு ஆங்கிலப் புத்தகம் தேவையில்லை. ஆறாம் வகுப்புத் தமிழ் ஐயா போதும். க, ச, ட, த, ப, ற வல்லினம். ங, ஞ, ண, ந, ம, ன மெல்லினம். மெல்லினத்துக்கு மூக்கு இடம், வல்லினத்துக்கு நெஞ்சு இடம் என்று நன்னூல் பிரித்துவைத்திருக்கிறது. மனப்பாடம் செய்தபோது எதற்கு என்று தெரியவில்லை. மைசூரில் ஒரு குழந்தையின் பேச்சைக் கேட்டபோதுதான் பவணந்தி முனிவர் எவ்வளவு கூர்மையாகக் காது கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது.

"ப" சொல்லிப் பாருங்கள். உதடு மூடுகிறது, வாய்க்குள் காற்று அழுத்தமாகச் சேர்கிறது, உதடு திறந்ததும் வெடித்து வெளியே வருகிறது. இப்போது "ம" சொல்லுங்கள். அதே உதடுதான் மூடுகிறது. ஆனால் காற்று மூக்கு வழியாகப் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று வழியைத் திறந்து மூடும் கதவுதான் மெல்லண்ணம். "ப" சொல்லும்போது அது மேலே எழும்பித் தொண்டையின் பின்சுவரைத் தொட்டு மூக்கின் வழியை அடைத்துவிடும். "ம" சொல்லும்போது கீழே தொங்கி வழிவிடும்.

கதவே பிளந்திருந்தால்? வாய்க்குள் அழுத்தம் சேராது. "பாப்பா" என்று சொல்ல நினைப்பது "மாம்மா" என்று வரும். "தாத்தா" போய் "நான்னா" ஆகும். "பாட்டி" என்பது "மாண்ணி" மாதிரிக் கேட்கும். ய, ர, ல, வ போன்ற இடையினங்களுக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லாததால் அவை ஓரளவு தப்பிக்கும். வல்லினம்தான் மொத்தமாக அடிவாங்கும்.

குழந்தை சும்மா இருக்குமா? அதற்கும் பேச ஆசை. வாயில் அழுத்தம் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும் இடத்தைத் தேடும். தொண்டைக்குள், குரல்வளையிலேயே காற்றை அடைத்து "ப", "த", "க" எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி விக்கல் போல ஒரு சத்தத்தைக் கற்றுக்கொள்ளும். அதன் புத்திசாலித்தனத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தப் பழக்கம் ஒரு முறை ஊறிவிட்டால், பிறகு அண்ணத்தை எவ்வளவு அழகாகத் தைத்தாலும் தானாகப் போகாது. வீட்டைப் புதுப்பித்துக் கதவு போட்டாயிற்று, ஆனால் உள்ளே இருப்பவர் இன்னும் பழைய ஜன்னல் வழியாகவே இறங்கிப் போகிறார் என்கிற கதை.

ஒரு குழந்தை "பாபாபா, தாதாதா" என்று அடுக்கடுக்காக மழலை பேச ஆரம்பிப்பது சுமார் ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள். முதல் சொல் ஒரு வயதை ஒட்டி. அந்த நேரத்தில் கதவு தயாராக இருக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம். இதில் காதும் சேர்ந்துகொள்கிறது. மெல்லண்ணத்தின் தசைகள்தான் காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் உள்ள குழாயைத் திறக்க உதவுகின்றன. அவை சரியாக வேலை செய்யாததால் அண்ணப் பிளவுள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு கேட்பது மந்தமாகும். கேட்பதும் மங்கல், சொல்வதும் சிதறல். அதனால் ஆபரேஷனோடு காதுச் சோதனையையும் விடக் கூடாது.

அப்படியானால் பிறந்த உடனேயே ஏன் செய்வதில்லை?

நியாயமான கேள்வி. இங்கேதான் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று, மயக்க மருந்து. சின்னக் குழந்தை, சின்ன மூச்சுக்குழாய். எடை ஏற வேண்டும், ரத்தசோகை இருக்கக் கூடாது. இரண்டு, தாடை வளர்ச்சி. அண்ணத்தைச் சீக்கிரம் கீறித் தைத்தால் அந்தத் தழும்பு மேல்தாடை வளர்வதைப் பிடித்து இழுக்கும், பதின்ம வயதில் முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கித் தெரியும் என்ற பயம்.

இது வெறும் பயம் இல்லை. சான்று நமக்குப் பக்கத்திலிருந்தே வந்தது. 1980-களின் மத்தியிலிருந்து லண்டனின் பல்சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸும் குழுவினரும் இலங்கையில், காலேயை மையமாக வைத்து வேலை செய்தார்கள். ஆபரேஷனே இல்லாமல் வளர்ந்து பெரியவர்களான பலரை அங்கே அவர்களால் பார்க்க முடிந்தது. மேற்கு நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் அரிது. 1990-இல் வெளியான அவர்களின் ஆய்வு சொன்னது இது: கத்தி படாதவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்தது. அப்படியானால் வளர்ச்சியைத் தடுப்பதில் பிளவைவிட ஆபரேஷனுக்குத்தான் பங்கு அதிகம்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீங்களா, அதான் நாங்களும் சொன்னோம்" என்று பாட்டிமார்கள் கிளம்புவதற்குள் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். அதே இலங்கைத் திட்டத்தில், அதே 1990-இல், டெபி செல் என்ற பேச்சு நிபுணரும் பமீலா கிரன்வெல்லும் பதின்ம வயதில் அண்ணத்தை மூடிக்கொண்டவர்களின் பேச்சைப் பதிவுசெய்து எழுதினார்கள். ஓட்டை அடைபட்டது, ஆனால் அதனால் மட்டும் பேச்சு நேராகிவிடவில்லை. ஜெர்மனியில் மார்பர்க் நகரத்திலும் இதே பாடம்தான். அங்கே ஷ்வெக்கன்டீக் என்ற மருத்துவர் மெல்லண்ணத்தை முதலில் மூடி, வல்லண்ணத்தைப் பதின்ம வயதுவரை தள்ளிவைத்தார். 1984-இல் அந்த நோயாளிகளை வெளியிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள், முகம் அழகாக வளர்ந்திருக்கிறது, பேச்சு மோசம் என்று எழுதினார்கள்.

ஆக இது தராசு. ஒரு தட்டில் தாடை, இன்னொரு தட்டில் பேச்சு. நான் எந்தத் தட்டின் பக்கம் என்று கேட்டால், பேச்சின் பக்கம்தான். உள்வாங்கிய தாடையைப் பதினெட்டு வயதில் எலும்பை நகர்த்திச் சரிசெய்ய வழி இருக்கிறது. கஷ்டமான ஆபரேஷன்தான், ஆனால் வழி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொல்லும்போதே சிரிப்பு கேட்டுக் கேட்டு, பேசுவதையே நிறுத்திக்கொண்ட பத்து வருடத்தைத் திருப்பித் தர எந்த ஆபரேஷனும் இல்லை.

ஆறா, பன்னிரண்டா?

சரி, முதல் வருடத்துக்குள் என்றால் எப்போது? இந்தக் கேள்விக்கு முதல் தடவையாக ஒழுங்கான பதில் ஒன்று 2023 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 23 மையங்கள், 558 குழந்தைகள். எல்லோருக்கும் அண்ணத்தில் மட்டும் பிளவு, வேறு நோய்க்குறி எதுவும் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டது போல, பாதிப் பேருக்கு 6 மாதத்தில் ஆபரேஷன், மீதிப் பேருக்கு 12 மாதத்தில். ஐந்து வயதில் பேச்சைப் பதிவுசெய்து, யார் எந்தக் குழு என்று தெரியாத நிபுணர்களிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தார்கள்.

மெல்லண்ணக் கதவு சரியாக மூடாத நிலை, 6 மாதக் குழுவில் 235 பேரில் 21 பேருக்கு, அதாவது 8.9 சதவீதம். 12 மாதக் குழுவில் 226 பேரில் 34 பேருக்கு, 15 சதவீதம். ஆபரேஷன் சிக்கல்கள் இரண்டு பக்கமும் குறைவு, ஏறக்குறைய சமம்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். நூறு குழந்தைகளில் ஆறு பேர், வெறும் ஆறு மாதம் முந்திச் செய்ததால் தப்பித்திருக்கிறார்கள். அந்த ஆறில் ஒன்று உங்கள் வீட்டுக் குழந்தை என்றால் அது சின்ன எண் இல்லை. அதே சமயம், 12 மாதத்தில் செய்தவர்களிலும் நூற்றுக்கு 85 பேருக்கு அந்தக் குறை இல்லை. குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிவிட்டதே, எட்டு ஆகிவிட்டதே என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். புள்ளியியல் கணக்கில் இந்த முடிவு நூலிழையில்தான் தேறியது. உதடும் அண்ணமும் சேர்ந்து பிளந்த குழந்தைகள் இதில் இல்லை. அந்தக் குழந்தைகளின் தாடை கடைசியில் எப்படி வளர்ந்தது என்பது அவர்கள் முழுதாக வளர்ந்து முடித்த பிறகுதான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, 23 மையங்களில் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. எல்லாமே அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள், குழந்தைகளுக்கான மயக்க மருந்து நிபுணர்கள், ஆபரேஷனுக்குப் பின் விடாமல் பார்த்துக்கொள்ளும் குழு உள்ள இடங்கள்.

திம்பம் ஏறி வந்தவர்கள்

இந்தியா இல்லை என்பது சும்மா சொல்லிவிட்டுப் போகும் குறிப்பு இல்லை. மைசூருக்கு வாருங்கள், புரியும்.

மானசகங்கோத்ரியில் இருக்கிறது அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். ஊரில் எல்லோரும் "ஐஷ்" என்பார்கள். 1960-களின் மத்தியில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் தொடங்கப்பட்டது. வாய், முக அமைப்புக் குறைகளுக்கென்றே தனிப் பிரிவு அங்கே உண்டு. மாண்டியா, சாமராஜநகர் குடும்பங்களோடு, சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பஸ்ஸில் குழந்தையோடு வாந்தியெடுத்துக்கொண்டே வந்து இறங்கும் நம்மவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கன்னடம் தெரியாமல் விழிப்பவர்கள், நான் தமிழ் பேசியதும் "ஏனுங் கண்ணு, நம்மூருங்களா?" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவர்கள் குழந்தைக்கு எத்தனை வயது? மூன்று, ஐந்து, சில சமயம் ஒன்பது. எங்கோ ஆபரேஷன் நடந்திருக்கும். அல்லது பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில் டீச்சர் சொன்ன பிறகுதான் வாய்க்குள்ளேயே பார்த்திருப்பார்கள். உதடு சரியாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் பிறந்த அன்று யாருக்கும் தெரியாமலே போய்விடுவது உண்டு. பால் மூக்கு வழியாக வந்தால் "புரையேறுது" என்று தலையில் தட்டிவிட்டுப் போய்விடுவோம். இங்கிலாந்திலும் இந்தப் பிரச்சினை இருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தால் போதாது, டார்ச் அடித்து நாக்கை அழுத்திக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இங்குள்ள குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் தனியாக வழிகாட்டுதலே வெளியிட வேண்டியிருந்தது.

ஆகவே மைசூரிலோ ஈரோட்டிலோ நின்றுகொண்டு "ஆறா, பன்னிரண்டா?" என்று கேட்பது அடுத்த கட்டக் கேள்வி. அங்கே முதல் கேள்வி, "ஒன்றா, ஐந்தா?" என்பதுதான். ஆறு மாதம்தான் சரி என்று ஒவ்வொரு மருத்துவமனையையும் நாம் நெருக்கக் கூடாது. சிறு குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய ஆள் இல்லாத இடத்தில் ஆறு மாதக் குழந்தையைப் படுக்கவைப்பதைவிட, அந்த ஆள் இருக்கும் இடத்தில் பத்து மாதத்தில் செய்வது மேல். அமெரிக்காவின் அண்ணப் பிளவு மருத்துவர் சங்கம்கூட 18 மாதத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பு என்கிறது. இங்கிலாந்தில் 6 முதல் 12 மாதம். இந்த எல்லைகளுக்குள் எங்கே என்பதைக் குழந்தையைப் பார்த்த குழு சொல்லட்டும்.

மருத்துவர் சொல்லும் தாமதம் வேறு, நாம் வைக்கும் தாமதம் வேறு. கீழ்த்தாடை சின்னதாக இருந்து மூச்சு விடவே சிரமப்படும் குழந்தைக்கு, இதயத்தில் குறை உள்ள குழந்தைக்கு, எடை ஏறாத குழந்தைக்கு மருத்துவர் தள்ளிவைத்தால் அது குழந்தைக்காக. ஆடி மாதம் வேண்டாம், மொட்டை முடியட்டும், மச்சினர் கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிவைத்தால் அது நமக்காக. நம் குடும்பங்களில் இந்த இரண்டையும் "டாக்டர்தான் பொறுமையாப் பண்ணிக்கலாம்னாரு" என்ற ஒரே வாக்கியத்தில் மூடிவிடுகிறோம்.

பாலாடையில் ஏறும் எடை

குடும்பத்தின் கையில் இருக்கும் பெரிய வேலை ஒன்று உண்டு. அது எடை. அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்ச முடியாது. வாய்க்குள் வெற்றிடம் உண்டாக்க முடியாததால் மார்பில் சப்பிச் சப்பிக் களைத்துப்போய்த் தூங்கிவிடும். வயிறு நிறைந்தது என்று நாம் நினைப்போம். அதற்கென்று அமுக்கிக் கொடுக்கும் தனிப் பாட்டில்கள் உண்டு. அது கிடைக்காத இடத்தில் நம் பாட்டி காலத்துப் பாலாடை (சிலர் சங்கு என்பார்கள்) இருக்கவே இருக்கிறது. தாய்ப்பாலைக் கறந்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். இந்தியாவில் மருத்துவமனைகளே இதைச் சொல்லிக்கொடுக்கின்றன. பச்சைப் பிள்ளை மேல் கத்தியா என்று பயப்படும் பாட்டிகளுக்கு இதைவிட நல்ல வேலை நான் தர முடியாது. அவர்கள் பாலாடையைக் கையில் எடுத்தால் ஆபரேஷன் தேதி முன்னால் வரும்.

அப்படியே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று தாயின் மேல் பழி போடும் வழக்கம் கொங்கு நாட்டிலும் இருக்கிறது, கர்நாடகத்திலும் இருக்கிறது. லண்டனுக்கும் அது பத்திரமாக விமானம் ஏறி வந்திருக்கிறது. உதடு சேர்வது கருவின் நான்கிலிருந்து ஏழாவது வாரத்துக்குள். அண்ணம் சேர்வது ஆறிலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே அப்போதுதான் தெரிய வருகிறது. மரபணு, சூழல் என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கும் விஷயம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இதில் சம்பந்தம் இல்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், குற்றவுணர்ச்சியில் ஒடுங்கிப்போன தாய் குழந்தையை வெளியே காட்டவே தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தில்தான் மாதங்கள் போகின்றன.

நமக்கு, வெளியூர்க்காரர்களுக்கு

இனி நம் கதை. லண்டனிலோ சிட்னியிலோ நியூஜெர்சியிலோ நம் வீட்டில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் முதலில் தோன்றுவது, "ஊருக்குப் போய்ச் செய்துவிட்டு வந்துவிடலாமா?" என்பதுதான். அம்மா இருப்பார், சமையல் நடக்கும், தெரிந்த டாக்டர் இருப்பார். இந்த ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆபரேஷன் முடிந்து தைத்த வாயோடு அழும் குழந்தையை இரவு இரண்டு மணிக்குத் தனியாகத் தூக்கி நடந்தவர்களுக்குத் தெரியும் அம்மா என்றால் என்னவென்று. ஊரில் கைதேர்ந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதிலும் சந்தேகமில்லை.

ஆனால் இது ஒரு நாள் வேலை இல்லை. தையல் பிரிந்து சின்ன ஓட்டை விழலாம். காதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை வயதில், மூன்றில், ஐந்தில் பேச்சைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கதவு போதவில்லை என்றால் இரண்டாவது ஆபரேஷன். எட்டு ஒன்பது வயதில் ஈறு எலும்பு வேலை வரலாம். பிறகு பல், பிறகு தாடை. பதினெட்டு வருடக் கணக்கு இது. இங்கிலாந்தில் 1998-இல் ஒரு அரசுக் குழு ஆராய்ந்தபோது, 57 இடங்களில் இந்த வேலை சிதறிக் கிடந்ததும், பலன்கள் மற்ற ஐரோப்பிய நாடுகளைவிட மோசமாக இருந்ததும் தெரிந்தது. கொஞ்சம் மையங்கள் போதும், ஒவ்வொன்றிலும் எல்லா நிபுணர்களும் சேர்ந்து இருக்கட்டும் என்று மாற்றினார்கள். இப்போது பிளவு தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கான செவிலியர் குடும்பத்தோடு பேசிவிட வேண்டும் என்பது வழக்கம்.

என் கருத்து, எங்கே பதினெட்டு வருடம் இருக்கப்போகிறீர்களோ அங்கே செய்யுங்கள். ஊருக்கே திரும்பப் போகிறவர்கள் ஊரில் செய்யுங்கள். விசா நிச்சயமில்லாமல் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் (எத்தனை பேர் அப்படி இருக்கிறோம்!) எங்கே செய்தாலும் ஆபரேஷன் குறிப்புகளையும் படங்களையும் காதுச் சோதனை அறிக்கைகளையும் ஒரு பையில் போட்டுப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் லீவு எப்போது கிடைக்கிறதோ அதுதான் ஆபரேஷன் மாதம் என்று மட்டும் வைக்காதீர்கள். டிசம்பர் விடுமுறைக்குக் குழந்தையின் மழலையைப் பற்றி எதுவும் தெரியாது. அம்மாவை இங்கே வரவழையுங்கள், அந்த டிக்கெட் செலவு தகும்.

மொழி விஷயத்திலும் ஒரு வார்த்தை. "பேச்சில் பிரச்சினை இருக்கிற குழந்தைக்கு ஒரு மொழி போதும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் அண்ணப் பிளவுக் குழந்தையின் பேச்சு கெடுவதில்லை. வல்லினப் பயிற்சிக்குத் தமிழ் வீட்டைவிடத் தோதான இடம் எது? பாப்பா, தாத்தா, பாட்டி, அக்கா, தோசை, பட்டம், காக்கா... சமையலறையில் ஒரு மணி நேரம் நின்றால் பயிற்சிப் பட்டியல் முடிந்துவிடும். உங்கள் பேச்சுப் பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாது. அதனால் குழந்தை எந்தத் தமிழ் எழுத்தை எப்படிச் சொல்கிறது என்று பதிவுசெய்து கொண்டுபோய்க் காட்டுவது உங்கள் வேலை.

அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை

இந்தியாவில் 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில், பிறவிக் குறைகளின் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருக்கின்றன. தொண்டு நிறுவனங்களின் உதவியால் பல மருத்துவமனைகளில் ஆபரேஷன் இலவசம். காசு முன்பு போலச் சுவராக இல்லை. இப்போது பெரிய சுவர், காலமும் அதற்குப் பிந்திய பேச்சுப் பயிற்சியும்தான்.

எனக்குத் தோன்றுவது ரொம்பச் சாதாரண யோசனை. இந்தியாவில் எல்லாக் குழந்தைக்கும் ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மைத் தடுப்பூசி உண்டு. அன்று செவிலியர் அம்மா டார்ச்சை அடித்து வாயையும் ஒரு தடவை பார்க்கட்டும். பிளவு இருந்தால் "ஆபரேஷன் தேதி வாங்கியாச்சா?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். பிறந்த அன்று தவறவிட்டதை அன்று பிடித்துவிடலாம். முதல் பிறந்தநாளுக்கு அப்போதும் மூன்று மாதம் மிச்சமிருக்கும். அதோடு, ஆபரேஷன் நடந்த குழந்தையின் பெயர் பக்கத்தில் உள்ள பேச்சுப் பயிற்சி மையத்துக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். திம்பம் ஏறி மைசூருக்கு வரவேண்டிய தேவையும் குறைய வேண்டும்.

கடைசியாக, இதைப் படிக்கும்போதே "என் குழந்தைக்கு மூன்று வயதாகிவிட்டதே" என்று நெஞ்சு அடைப்பவர்களுக்கு. காலம் தாழ்ந்தது என்றால் கதவு சாத்தியாகிவிட்டது என்று பொருள் இல்லை. உழைப்பு கூடும், அவ்வளவுதான். நான்கு வயதில், ஏழு வயதில் ஆபரேஷன் ஆகி, வாரா வாரம் பயிற்சிக்கு வந்து, தொண்டையில் அடைத்த சத்தங்களை ஒவ்வொன்றாக உதட்டுக்கும் நாக்குக்கும் இடம் மாற்றிய குழந்தைகளோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். நாளை காலை அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போன் செய்யுங்கள்.

மொட்டை அடிக்கக் குலதெய்வம் மூன்றாவது வயதிலும் ஒத்துக்கொள்ளும். நம் சாமிகள் அந்த விஷயத்தில் ரொம்பப் பெருந்தன்மையானவை. மாற்றுக் கருத்து இருப்பவர்கள், குறிப்பாக மருத்துவ நண்பர்கள், தாராளமாக எழுதுங்கள், பேசுவோம்.